வெள்ளி மறைந்த நகரம்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

 

2022ஆம் ஆண்டை நம்மில் எவரும் எளிதில் மறக்கமாட்டோம். அவ்வாண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த ஓர் அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை அரசு இடைநிறுத்தியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஓராண்டுப் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தைத் தொட்டது. மகளின் திருமணத்திற்கென்றும், மகனின் மேற்படிப்பிற்கென்றும், ஹஜ் பயணத்திற்கென்றும் சிறுகச் சிறுகச் சேர்த்த பெற்றோரின் கணக்குப் புத்தகத்தில் எழுதப்பட்டிருந்த தொகை அப்படியே இருந்தது. அத்தொகை வாங்கக்கூடிய பொருளோ பாதியளவாகக் குறைந்துபோயிற்று. பூட்டு உடைக்கப்படவில்லை, திருடன் வரவில்லை, ஆயினும் வீட்டின் செல்வம் கரைந்தது.

அன்று முதல் நமது வீடுகளில் ஒரு கேள்வி எழுந்துள்ளது. "கடதாசிப் பணத்தை நம்ப முடியவில்லை, தங்கமோ கைக்கெட்டாத உயரத்திற்குப் போய்விட்டது, எனவே வெள்ளி வாங்கி வைக்கலாமா?" என்று மகன் தந்தையிடம் கேட்கிறான். தந்தைக்கு விடை தெரியவில்லை. இக்கேள்வி புதியதன்று. நம் முன்னோர்கள் அறுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இதே கேள்வியோடு கடைத்தெருவில் நின்றிருக்கிறார்கள். அவர்களுடைய வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

மதீனாவில் புழங்கிய வெள்ளி

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் காலத்தில் ஹிஜாஸ் மக்கள் தமக்கென நாணயம் அச்சிட்டிருக்கவில்லை. உரோமப் பேரரசின் பொற்காசும் பாரசீகத்தின் வெள்ளிக்காசுமே அவர்களின் சந்தைகளில் புழங்கின. முன்னையதை தீனார் என்றும் பின்னையதை திர்ஹம் என்றும் அழைத்தனர். ஸகாத்தின் அளவு இவ்விரண்டிலும் நிர்ணயிக்கப்பட்டது. பொன்னில் 20 தீனார், வெள்ளியில் 200 திர்ஹம். இன்றைய நிறையில் இவை முறையே 85 கிராம் தங்கமும் 595 கிராம் வெள்ளியும் ஆகுமென அறிஞர்கள் பலர் கணித்துள்ளனர்.

முதல் கலீபாக்களின் காலத்திலும் அந்தப் பாரசீகக் காசுகளே தொடர்ந்தன. சில காசுகளில் சாசானிய மன்னனின் உருவம் ஒரு புறமிருக்க, ஓரத்தில் அல்லாஹ்வின் திருநாமம் பொறிக்கப்பட்டிருந்தது. உமையா கலீபா அப்துல் மலிக் இப்னு மர்வான் அவர்களே உருவங்களை அகற்றி, எழுத்துக்கள் மாத்திரம் கொண்ட தீனாரை ஹிஜ்ரி 77இலும், திர்ஹத்தை ஹிஜ்ரி 79இலும் வெளியிட்டார். 10 திர்ஹம்களின் நிறை 7 தீனார்களின் நிறைக்குச் சமமாக இருக்க வேண்டுமென்பது விதி. அவ்வாறு நிறுவப்பட்ட வெள்ளி திர்ஹம் ஏறத்தாழ 3 கிராம் நிறையுடையது.

நிறையும் தூய்மையும் குன்றாத அந்தக் காசு உலகெங்கும் பயணித்தது. 1999ஆம் ஆண்டு சுவீடனின் கொட்லண்ட் தீவில், ஒரு விவசாய நிலத்தின் அடியிலிருந்து 67 கிலோகிராம் அளவிலான வெள்ளிப் புதையல் வெளிப்பட்டது. அதிலிருந்த 14,000க்கும் மேற்பட்ட நாணயங்களில் மிகப் பெரும்பாலானவை முஸ்லிம் ஆட்சியாளர்களின் திர்ஹம்களே. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எவரோ ஒருவர் தமது செல்வத்தைப் பாதுகாக்கக் கருதி மண்ணில் மறைத்தார். அதை எடுப்பதற்கு அவரும் வரவில்லை. அவருடைய பிள்ளைகளும் வரவில்லை. சகோதரர்களே, இப்புதையலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இக்கட்டுரையின் முடிவில் இதனிடம் நாம் மீண்டும் வருவோம்.

கெய்ரோவின் துயரம்

இனி எகிப்துக்கு வாருங்கள். மம்லூக் சுல்தான்களின் தலைநகராகிய கெய்ரோ அக்காலத்தில் உலகின் பெருநகரங்களுள் ஒன்று. அந்நகரின் உயிர் நைல் நதியின் வெள்ளத்தில் இருந்தது. ரவ்ழா தீவிலிருந்த அளவுகோலில் நதி 16 முழம் உயர்ந்தால் மக்கள் மகிழ்ந்தனர். அதற்குக் குறைந்தால் அஞ்சினர். ஹிஜ்ரி 806இல், அதாவது கிறிஸ்து ஆண்டு 1403இல், நதி போதியளவு உயரவில்லை. பஞ்சம் வந்தது, பஞ்சத்தின் பின்னால் நோய் வந்தது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்னரே, 1400இலும் 1401இலும், தைமூரின் படைகள் அலெப்போவையும் டமஸ்கஸையும் சூறையாடியிருந்தன. அரச கருவூலம் வற்றியிருந்தது.

அந்நாட்களில் கெய்ரோவில் வாழ்ந்தவர் தகிய்யுத்தீன் அஹ்மத் அல்மக்ரீஸீ. 1364இல் பிறந்து 1442இல் மறைந்த இவ்வறிஞர், இப்னு கல்தூனிடம் பாடம் கேட்டவர். சந்தையின் நிறை, அளவை, விலை, நேர்மை ஆகியவற்றைக் கண்காணிக்கும் முஹ்தஸிப் எனும் பதவியையும் வகித்தவர். எனவே அவர் நூலகத்தில் மாத்திரம் இருந்து எழுதியவரல்லர். தராசையும் கடைக்காரரின் கையையும் நேரில் கண்டவர். ஹிஜ்ரி 808இல் அவர் எழுதிய நூலின் பெயர் "இகாததுல் உம்மா பிகஷ்பில் கும்மா". துயரத்தின் காரணத்தை வெளிப்படுத்திச் சமூகத்திற்கு உதவுதல் என்பது அப்பெயரின் கருத்து.

நைல் நதி குறைந்ததனால் பஞ்சம் வந்தது உண்மைதான். ஆனால் முன்னரும் நதி குறைந்திருக்கிறது. பஞ்சம் வந்து நீங்கியிருக்கிறது. இம்முறை மட்டும் ஏன் துயரம் நீங்காமல் நிலைத்தது என்று அவர் வினவினார். அவர் கண்ட காரணங்கள் மூன்று. பதவிகள் இலஞ்சத்திற்கு விற்கப்பட்டமை முதற்காரணம். பதவியை விலைக்கு வாங்கியவர் அப்பணத்தை மக்களிடமிருந்தே பிடுங்கினார். விளைநிலங்களின் குத்தகை அளவுமீறி உயர்த்தப்பட்டமை இரண்டாவது. உழவர் நிலத்தைக் கைவிட்டு ஓடினர். செம்புக்காசு பெருகி வெள்ளிக்காசு மறைந்தமை மூன்றாவது.

இம்மூன்றாவது காரணமே இன்று நமக்குப் பாடமாகிறது. "புலூஸ்" எனப்பட்ட செம்புக்காசுகள் தொடக்கத்தில் கீரை, காய் போன்ற சில்லறைப் பொருள்களை வாங்குவதற்கென அச்சிடப்பட்டவை. சுல்தான் பர்கூக்கின் காலத்தில், அரண்மனை நிருவாகியாக இருந்த மஹ்மூத் இப்னு அலீ என்பவர் ஐரோப்பியரிடமிருந்து செம்பை வரவழைத்துப் பெருந்தொகையாகக் காசடித்தார். செம்பு மலிவு, அதனை நாணயமாக்கினால் அரசுக்கு ஆதாயம். வெள்ளிக்காசு அச்சிடுவதோ அருகிப்போயிற்று. கையிலிருந்த வெள்ளியை மக்கள் உருக்கி ஆபரணமாக்கினர். எஞ்சியது வெளிநாடு சென்றது. இறுதியில் பொருள்களின் விலையும், கூலியும், வாடகையும் செம்பிலேயே கணக்கிடப்பட்டன. செம்புக்காசை எண்ணுவதை விட்டுத் தராசில் நிறுத்துக் கொடுக்கும் நிலை வந்தது.

இதனால் யார் கெட்டார், யார் பிழைத்தார் என்பதையும் அல்மக்ரீஸீ ஆராய்ந்தார். மக்களை ஏழு பிரிவினராக வகுத்து ஒவ்வொருவரின் நிலையையும் எழுதினார். அதிகாரத்திலிருந்தோரும் பெருஞ்செல்வரும் தமது வருமானம் எண்ணிக்கையில் கூடியதைக் கண்டு மகிழ்ந்தனர். ஆனால் அந்த எண்ணிக்கைக்கு முன்போல் பொருள் கிடைக்கவில்லை என்பதை அவர்கள் உணரவில்லை என்கிறார் அவர். மிகவும் நொந்தவர்கள் மார்க்க அறிஞர்களும், மாணவர்களும், நிரந்தர ஊதியம் பெற்றோருமே. முன்பு வெள்ளியில் பெற்ற அதே எண்ணிக்கையை அவர்கள் இப்போது செம்பில் பெற்றனர். இதைப் படிக்கையில், 2022இல் மாதச் சம்பளத்தைக் கையில் வாங்கிக்கொண்டு கடைக்குச் சென்ற நமது ஆசிரியர்களும், மௌலவிமார்களும், முஅத்தின்மார்களும் நினைவுக்கு வரவில்லையா?

அல்மக்ரீஸீயின் கருத்தில் மிக நுட்பமானது இதுதான்: பொருள்களின் விலையைப் பொன்னிலும் வெள்ளியிலும் கணக்கிட்டுப் பார்த்தால், பலவற்றின் விலை சிறிதளவே கூடியிருந்தது, செம்பில் எண்ணியதனாலேயே விலைவாசி மலைபோல் தோன்றியது. அளக்கும் முழக்கோல் சுருங்கியதை அறியாத மக்கள், துணி நீண்டுவிட்டதென மருண்டனர்.

எனினும் நாம் நீதியாகப் பேச வேண்டும். அக்காலத்தில் வெள்ளித் தட்டுப்பாடு ஐரோப்பாவிலும் நிலவியது என்பதையும், 1348இன் பெருங்கொள்ளை நோயால் எகிப்தின் மக்கள்தொகையும் விளைச்சலும் சிதைந்திருந்தன என்பதையும் பிற்கால வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டுகின்றனர். முழுப்பழியையும் ஓர் அதிகாரியின் மீது சுமத்திவிட முடியாது. பின்னர் வந்த சுல்தான் அல்முஅய்யத் ஷைக் 1415இல் தமது பெயரால் வெள்ளிக்காசை மீண்டும் புழக்கத்திற்குக் கொண்டுவந்தார்.

ரூபாய் என்ற சொல்லின் கதை

இளைஞர்களே, நீங்கள் நாள்தோறும் உச்சரிக்கும் "ரூபாய்" என்ற சொல்லுக்குப் பொருள் என்னவென்று சிந்தித்ததுண்டா? வெள்ளியைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது அது. 1540 முதல் 1545 வரை தில்லியை ஆண்ட ஷேர் ஷாஹ் சூரி ஏறத்தாழ 11.5 கிராம் நிறையுள்ள வெள்ளிக்காசை அப்பெயரால் வெளியிட்டார். நமது தீவிலும், பாரசீகத்தின் லார் நகரின் பெயரைத் தாங்கிய "லாரின்" எனும் வளைந்த வெள்ளிக்கம்பிக் காசு அரபு, பாரசீக வணிகத்தின் வழியே வந்து புழங்கியது. தூண்டில் போன்ற அதன் வடிவத்தைக் கண்டு சிங்கள மக்கள் அதனைக் "கொக்கு ரிதி" என்றழைத்தனர். 1872இல் இலங்கையில் ரூபாயும் சதமும் கொண்ட கணக்குமுறை தொடங்கியபோது, அந்த ரூபாய் இந்தியாவின் வெள்ளி ரூபாயே.

அதன் பின் நிகழ்ந்ததையும் கேளுங்கள். 1884 மே மாதம், கோப்பிப் பயிர்ச்செய்கையின் வீழ்ச்சியோடு ஓரியன்டல் பேங்க் கோர்ப்பரேஷன் முறிந்தது. அதன் நோட்டுகளை வைத்திருந்தோர் செய்வதறியாது தவித்தனர். ஆளுநர் ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசின் பெயரால் பொறுப்பேற்றதனாலேயே மக்கள் தப்பினர். அன்று நோட்டை விட வெள்ளி ரூபாய் மேலானதாகத் தோன்றியிருக்கும். ஆனால் அதே காலத்தில் வெள்ளியும் சரிந்துகொண்டிருந்தது! ஜேர்மனி முதலிய நாடுகள் தங்கத்தை நாணய அடிப்படையாக்கி வெள்ளியைக் கைவிட்டன. புதிய சுரங்கங்களிலிருந்து வெள்ளி குவிந்தது. 1870 அளவில் இலண்டனில் அவுன்ஸ் ஒன்று ஏறத்தாழ 60 பென்ஸ் விலைபோன வெள்ளி, 1894இல் அதன் பாதிக்கும் கீழிறங்கியது. வெள்ளியைச் சேர்த்து வைத்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. ஆயினும் அவருடைய செல்வம் பாதியாயிற்று.

ஏறுவதும் இறங்குவதும்

1979இன் தொடக்கத்தில் அவுன்ஸ் ஒன்று 6 டொலர் அளவிலிருந்த வெள்ளி, 1980 ஜனவரியில் 50 டொலர் அளவுக்கு ஏறியது. அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஹன்ட் சகோதரர்கள் கடன் வாங்கி வெள்ளியை வாங்கிக் குவித்தமை அதற்கு முக்கிய காரணமாயிற்று. 1980 மார்ச் 27ஆம் திகதி விலை 11 டொலருக்கும் கீழே வீழ்ந்தது. மீண்டும் 2011 ஏப்ரலில் 49 டொலர் அளவைத் தொட்டு, 2015இன் இறுதியில் 14 டொலருக்கும் கீழிறங்கியது. 2025 அக்டோபரில் 50 டொலரைத் தாண்டியது. 1980இன் உச்சத்தில் வாங்கியவர் தமது பழைய விலையை மீண்டும் காண்பதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது.

இத்தகைய ஏற்றத்தாழ்வுக்கு ஒரு காரணம் உண்டு. இன்று வெள்ளியின் தேவையில் பாதிக்கு மேல் தொழிற்சாலைகளிலிருந்து வருகிறது. சூரிய மின்தகடு, மின்னணுக் கருவி ஆகியவற்றிற்கு அது வேண்டும். உலகப் பொருளாதாரம் நலியும்போது தொழிற்சாலைகள் தளர்கின்றன, வெள்ளியும் தளர்கிறது. 2008 மார்ச்சில் 20 டொலராக இருந்தது அதே ஆண்டு அக்டோபரில் 9 டொலர் அளவுக்கு வீழ்ந்தது. 2020 மார்ச்சில் ஓர் அவுன்ஸ் தங்கத்திற்கு 120 அவுன்ஸுக்கு மேல் வெள்ளி கொடுக்க வேண்டியிருந்தது. நெருக்கடி வரும் நாளிலேயே வெள்ளி கைகொடுக்கும் என்று எண்ணுவோர் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

நமது நாட்டின் கணக்கையே பாருங்கள். 2021 செப்டெம்பரில் உலகச் சந்தையில் வெள்ளி அவுன்ஸ் ஏறத்தாழ 23 டொலர். டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். ஆகவே 4,600 ரூபாய். 2022 செப்டெம்பரில் வெள்ளி 19 டொலராகக் குறைந்தது. டொலரோ 360 ரூபாய். ஆகவே ஏறத்தாழ 6,840 ரூபாய். ஓராண்டில் ரூபாய்க் கணக்கில் அரைப்பங்கு அளவு ஏறியிருக்கிறது. அதே ஓராண்டில் பொருள்களின் விலை 70 சதவீதம் ஏறியது. எனவே வெள்ளி வைத்திருந்தவர் கடதாசிப் பணம் வைத்திருந்தவரை விடக் குறைவாக இழந்தார்; ஆனால் அவரும் இழந்தார். உண்மை இவ்விரண்டும் சேர்ந்ததே.

நாம் செய்ய வேண்டியவை

பெற்றோர்களே, இவ்வரலாற்றிலிருந்து சில தெளிவுகளைப் பெற்றுக்கொள்வோம்.

முதலாவது, வெள்ளி வாங்கிச் சேமிப்பது மார்க்கம் அனுமதித்த காரியமே. ஆனால் பொன், வெள்ளிக் கொடுக்கல் வாங்கலில் இரு தரப்பும் அவ்விடத்திலேயே கைமாறவேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. கடதாசிப் பணத்திற்கும் வட்டி, ஸகாத் முதலான சட்டங்கள் பொருந்தும் என 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி தீர்மானித்துள்ளது. ஆதலால் தவணைக்கு வெள்ளி வாங்குவதும், கையில் பெறாத வெள்ளியை விற்பதும் ரிபாவின் வாசலுக்கு நம்மை இட்டுச்செல்லக்கூடும். கைத்தொலைபேசியில் ஒரு விரலசைவில் நடைபெறும் வியாபாரங்களில் இறங்குமுன் ஆலிம்களிடம் கேட்டறியுங்கள்.

இரண்டாவது, கடன் வாங்கி வெள்ளி வாங்காதீர்கள். ஹன்ட் சகோதரர்களை வீழ்த்தியது வெள்ளியன்று, கடனே. மாதந்தோறும் நிச்சய இலாபம் தருவதாகவும், ஆட்களைச் சேர்த்தால் மேலும் தருவதாகவும் கூறி வருவோரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். பிரமிட் திட்டங்கள் நமது நாட்டில் சட்டத்தாலும் தடைசெய்யப்பட்டவை.

மூன்றாவது, வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றல்ல. ஆபரணமாக வாங்கினால் செய்கூலி கழியும். 925 என்ற முத்திரையுள்ள பொருளில் ஆயிரத்தில் 925 பங்கே வெள்ளி. ஆகவே சேமிப்பைக் கருதினால் தூய கட்டியையோ நாணயத்தையோ பற்றுச்சீட்டோடு வாங்குவதே சிறந்தது. வெள்ளிப் பாத்திரத்தில் உண்பதும் பருகுவதும் நமக்குத் தடுக்கப்பட்டவை என்பதையும் மறவாதீர்கள்.

நான்காவது, ஸகாத். அணியும் ஆபரணம் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. கட்டியாகவும் காசாகவும் சேமித்த வெள்ளி நிஸாபை அடைந்து ஓராண்டு கழிந்தால் நாற்பதில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும் என்பதில் வேறுபாடில்லை. ஒரு கிலோகிராம் வெள்ளியைப் பெட்டியில் பூட்டி, ஆண்டுதோறும் அதிலிருந்தே ஸகாத் கொடுத்து வந்தால், பத்தாண்டுகளின் பின் ஏறத்தாழ 776 கிராம் எஞ்சும். அநாதைகளின் செல்வத்தை ஸகாத் கரைத்துவிடாதிருக்க அதனை வியாபாரத்தில் ஈடுபடுத்துமாறு உமர் (ரழி) அவர்கள் அறிவுறுத்தியதன் தத்துவம் இதுவே. இறைவழியில் செலவிடாது பொன்னையும் வெள்ளியையும் குவித்து வைப்போருக்கு அத்தவ்பா அத்தியாயத்தில் அல்லாஹ் விடுத்துள்ள எச்சரிக்கையையும் நாம் அறிவோம். செல்வம் உழவிலும், தொழிலிலும், வணிகத்திலும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

ஆகவே, மகனே, உன் கேள்விக்கு விடை இதுதான். நாளைய தேவைக்கான பணத்தைக் கைக்கெட்டும் இடத்தில் வை. கடனை அடை. ஒரு தொழிலைக் கற்றுக்கொள். இயன்றால் வட்டியற்ற வணிகத்தில் பங்குகொள். இவற்றின் பின் எஞ்சியதில் ஒரு சிறு பகுதியை வெள்ளியாகவோ தங்கமாகவோ வைத்துக்கொள்வதில் தவறில்லை. முழுச் சேமிப்பையும் ஒரே உலோகத்தில் பூட்டிவிடாதே.

இப்போது கொட்லண்டின் புதையலை மீண்டும் எண்ணிப்பாருங்கள். அந்த வெள்ளி ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் கெடாமல் இருந்தது. தூய்மையும் நிறையும் குன்றவில்லை. ஆனால் அத்தனை நூற்றாண்டுகளில் ஒரு பசித்த வயிற்றையும் அது நிறைக்கவில்லை. ஒரு பிள்ளையையும் படிப்பிக்கவில்லை. அதே வெள்ளி கெய்ரோவின் சந்தையிலிருந்து மறைந்தபோது ஓர் அறிஞர் அழுதழுது நூல் எழுதினார். ஏனெனில் அது மக்களிடையே புழங்கும்போதே அதன் பயன் என்பதை அவர் அறிந்திருந்தார்.

யா அல்லாஹ்! ஹலாலான வாழ்வாதாரத்தை எங்களுக்கு விசாலமாக்குவாயாக. எங்கள் பெற்றோரின் உழைப்பில் பரக்கத் செய்வாயாக. வட்டியிலிருந்தும், கடனின் சுமையிலிருந்தும், பேராசையிலிருந்தும் எங்கள் இளைஞர்களைக் காப்பாயாக. நீ தந்த செல்வத்தை நீ விரும்பும் வழியில் செலவிடும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.